கண்ணாடியும் கொழுந்தும்

ஒரு கருவியைத் திறனாய்வோர் அதன் விந்தையில் மயங்குதலும் ஆகாது. புதியது என்பதற்காகவே அதனை வெறுத்தலும் ஆகாது. அது யாருக்காகத் தோன்றியது, யாருக்குப் பயன்படுகிறது என்னும் இரு வினாக்களே அதனை எடைபோடும் படிக்கற்கள். 'நீட்டித்த மெய்ம்மை' எனப்படும் தொழில்நுட்பத்தையும் இவற்றைக் கொண்டே நிறுத்தல் வேண்டும். தலையில் அணியும் கண்ணாடியின் வழியே இல்லாத காட்சியைக் கண்முன் நிறுத்துவதும், உள்ள பொருளின்மீது எழுத்தையும் படத்தையும் படியச் செய்வதும் இதன் செயல். அறிவுப் பணிக்கு இது பெருந்துணை என்பர் இதனை விற்போர்.

1968இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லேண்ட் இத்தகைய தலைக்கருவியைச் செய்துகாட்டினார். சுமை மிகுதியால் அது கூரையிலிருந்து தொங்கவிடப்பட்டது. பின்னர், போயிங் விமான நிறுவனத்தைச் சேர்ந்த தாமஸ் காடெல், டேவிட் மிசெல் ஆகிய இருவரும், மின்கம்பிகளைப் பலகையில் வரிசைப்படுத்திக் கட்டும் தொழிலாளர்க்கு வழிகாட்டும் கண்ணாடியைப் பற்றி 1992இல் கட்டுரை வெளியிட்டனர். 'மிகை மெய்ம்மை' என்னும் பெயர் வழக்கிற்கு வந்தது அம்முயற்சியால்தான். ஆக, அப்பெயரைப் பெற்ற கருவி மேசையில் அமர்வோர்க்காக எண்ணப்பட்டதன்று; கையால் உழைப்போர்க்காக எண்ணப்பட்டது.

இன்றைய நிலையோ வேறு. தொழிற்கூடங்களில் பயன்பட்ட கூகுள் கண்ணாடியின் விற்பனை 2023இல் நின்றது. மைக்ரோசாஃப்டின் ஹோலோலென்ஸ் 2024இல் உற்பத்தி நிறுத்தம் கண்டது. அதே 2024இல், அலுவலகத் திரைகளைக் காற்றில் விரித்துக் காட்டும் ஆப்பிள் நிறுவனத்தின் கருவி 3,499 அமெரிக்க டாலர் விலையில் வெளிவந்தது. அலுவலகப் பணிக்கேனும் இவ்வகைக் கருவி ஏற்றதா எனின், அதுவும் ஐயமே. 2022இல் வெளியான ஜெர்மானிய ஆய்வொன்றில், 18 பேர் நாளொன்றுக்கு எட்டு மணி நேரமாக ஒரு வாரம் மெய்நிகர்க் கண்ணாடிக்குள் பணிபுரிய முன்வந்தனர். தலைவலி, குமட்டல் முதலியவற்றால் இருவர் முதல் நாளிலேயே விலகினர். ஏனையோரும் வழக்கமான மேசைப் பணியைவிட இதில் மிகுந்த சுமையையும் கண்ணயர்ச்சியையும் உணர்ந்தனர். காகிதத்தில் இயல்வதைக் கண்ணாடியில் செய்து களைப்பது முன்னேற்றமாகாது.

இக்குழப்பத்தின் வேர் 'அறிவுப் பணியாளர்' என்னும் சொல்லிலேயே உள்ளது. 1959இல் பீட்டர் டிரக்கர் அதனை நூலில் எழுதியபின், அறிவு மேசைக்கும் உழைப்பு வயலுக்கும் எனப் பங்கிடப்பட்டது. அப்பங்கீடு சரியானதா என்பதைத் தாப்பாவிலிருந்து மலையேறுவோர் எதிர்கொள்ளும் முதல் ஊராகிய ரிங்லெட் காட்டும். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் அவ்வூரை அடுத்தது. இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் எவை என நொடியில் தெரிந்து கிள்ளிய விரல்களும், பதம் வந்த தேயிலையை மணத்தாலேயே உணர்ந்த மூக்கும் அறிவற்றவையா? கிராணியின் பேரேட்டில் அவர்தம் பெயருக்கு நேரே எடை மட்டுமே எழுதப்பட்டது, அறிவு எழுதப்படவில்லை. அதனாலன்றோ, "பாட்டிக்கு ஒன்றும் தெரியாது" எனத் தோட்டத்துப் பிள்ளைகளே சொல்ல நேர்ந்தது!

கத்திரியும் இயந்திரமும் விரல்களின் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டன. தோட்டம் விட்டுத் தமிழர் பலர் நகரம் சென்றனர். அம்முதியோரோடு அவ்வறிவும் மறையுமுன், அவர்கள் கண்டவாறே காட்சியைப் பதிந்து, தமிழிலேயே விளக்கம் சேர்த்து, இளையோர்க்குக் காட்ட இக்கண்ணாடி உதவுமாயின், அதுவே அதன் தக்க பயன். எனினும் எல்லையை மறத்தலாகாது. கண்ணுக்குரியதைக் கண்ணாடி காட்டும்; கொழுந்தின் மென்மையையும் தேயிலையின் மணத்தையும் அது தாராது. அவற்றுக்கு அருகில் நின்று கைபிடித்துக் காட்டும் ஒருவர் வேண்டும்.

ஆதலின், இத்தொழில்நுட்பம் அறிவுப் பணிக்குத் துணையாகுமா என்னும் வினாவுக்கு முன், அறிவுடையோர் என யாரை ஏற்பது என்பதை முடிவு செய்தல் வேண்டும். அத்தெளிவு பிறவாதவரை, எத்துணை விலையுயர்ந்த கண்ணாடியும் பாட்டியின் விரல்களைப் பார்க்காது.