பெலிகோவுக்கு ஊர் செய்த வைத்தியம்

செகாவின் 'உறைக்குள் மனிதன்' கதையை அரசியல் கிண்டலாகப் படிப்பது வழக்கமாகிவிட்டது. ஜார் காலத்து ரஷ்யா, சுற்றறிக்கைகளுக்கு நடுங்கிய படித்த வர்க்கம், அதன் பிரதிநிதியாகப் பெலிகோவ். ரஷ்ய மொழியில் அந்தத் தலைப்பே ஒரு வசைச்சொல்லாக நிலைத்துவிட்டது. இந்த வாசிப்பைத் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் அது சௌகரியமான வாசிப்பு. பெலிகோவை நமக்குச் சம்பந்தமில்லாத யாரோ ஒருவனாக்கிவிடுகிறது. கதை வெளிவந்தது 1898ல். எழுதியவர் 1884ல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்த டாக்டர். இதை மனதில் வைத்து மறுபடி படித்தால், பெலிகோவைப் பரிகசிக்கிறவர்களும் கதைக்குள் பரிசோதனைக்கு உட்படுகிறார்கள் என்பது தெரியவரும்.

பெலிகோவ் ஒரு சிறு நகரத்து உயர்நிலைப் பள்ளியில் கிரேக்கம் சொல்லிக்கொடுக்கிறவன். மழையில்லாத நாளிலும் காலில் காலோஷ் என்னும் ரப்பர் மேல்ஜோடு, கையில் குடை, உடம்பில் பஞ்சு வைத்த கோட்டு. குடைக்கு உறை, கடிகாரத்துக்கு உறை, பேனாக்கத்திக்கும் உறை. கண்ணில் கறுப்புக் கண்ணாடி, காதில் பஞ்சு. ஒன்றைத் தடை செய்யும் சுற்றறிக்கைதான் அவனுக்குத் தெளிவானது. அனுமதி என்று வந்தால் அதில் ஏதோ சொல்லாமல் விடப்பட்டிருப்பதாகச் சந்தேகிப்பான். இவையெல்லாம் வெளி அடையாளங்கள். செகாவ் என்ற டாக்டரின் கண் உள்ள இடம் வேறு. பெலிகோவ் சக ஆசிரியர்களின் வீடுகளுக்குப் போவான். ஒரு வார்த்தை பேசாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வருவான். அப்படி உட்கார்ந்திருப்பது அவனுக்கே கஷ்டம். ஆனால் சக ஆசிரியர்களோடு நல்லுறவு வைத்திருப்பது கடமை. சிநேகிதம்கூடக் கடமையாக மட்டுமே சாத்தியப்படுகிற ஒரு ஸ்திதி இது.

இந்த ஸ்திதிக்கு இன்றைய மனோவைத்தியத்தில் அப்ஸெஸிவ் கம்பல்ஸிவ் ஆளுமைக் கோளாறு என்று பெயர். கதை வந்து 10 வருஷம் கழித்து, 1908ல், பிராய்ட் இதன் குணங்களாக மூன்றைச் சொன்னார்: ஒழுங்கு, சிக்கனம், பிடிவாதம். 2013ல் வந்த அமெரிக்க மனோவைத்தியக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு 8 குறிகளைத் தந்து, 4 இருந்தால் போதும் என்கிறது. பெலிகோவிடம் எட்டும் இல்லை. பணத்தை இறுக்கிப் பிடிப்பதோ, உதவாத பொருள்களை எறிய மனமில்லாமல் சேர்ப்பதோ கதையில் வருவதில்லை. அவனுடைய அச்சமும் இந்தப் பட்டியலுக்கு வெளியே வழிகிறது. ஒரு பாத்திரத்தைப் பட்டியலோடு பொருத்தி டிக் அடிப்பது விமர்சனமாகாது, வைத்தியமும் ஆகாது.

பட்டியலைவிட முக்கியமான ஒரு வித்தியாசம் இருக்கிறது. பெயர் ஒன்றுபோல் ஒலித்தாலும், திரும்பத் திரும்பக் கை கழுவுகிறவனின் வியாதி வேறு. நிறுத்த முடியவில்லையே என்று அவன் தவிக்கிறான். அந்த எண்ணம் பெரும்பாலும் அவனுக்கே அந்நியமாக இருக்கிறது. பெலிகோவ் போன்றவனுக்கோ தன் ஒழுங்கு வியாதியாகத் தெரிவதேயில்லை. அதுதான் அவனுடைய ஒழுக்கம், யோக்கியதை, அவன் அவனாக இருப்பது. கோளாறு உலகத்தில் இருக்கிறது. ஆகவே இப்படிப்பட்டவன் இதற்கென்று டாக்டரிடம் வருவது அபூர்வம். மனைவி நிர்ப்பந்தித்து வருவான், அல்லது வேலை முடியாமல் போய் மனச்சோர்வில் விழுந்த பிறகு வருவான். 1965ல் டேவிட் ஷபிரோ எழுதிய 'நியூராடிக் ஸ்டைல்ஸ்' என்ற நூலில் இவன் தனக்குத் தானே மேற்பார்வையாளனாக நிற்பவன். ஓய்வுநேரத்தையும் வேலையாக ஒதுக்கிக்கொள்கிறவன். அந்த ஊமை ஒரு மணி நேரம் இங்கே விளங்கிவிடுகிறது.

இனி வைத்தியம். பெலிகோவுக்கு ஊர் இரண்டு வைத்தியம் செய்கிறது. முதலாவது கல்யாணம். பொழுது போகாத பெண்கள், புதிதாக வந்த ஆசிரியன் கோவலென்கோவின் சகோதரி வாரெங்காவுக்கு அவனை முடிச்சுப்போடப் பார்க்கிறார்கள். அவன் அவளுடைய படத்தை மேஜைமேல் வைக்கிறான். கல்யாணத்தின் பொறுப்புகளை யோசித்து யோசித்து இளைத்துப் போகிறான். இரண்டாவது சிரிப்பு. யாரோ கேலிச்சித்திரம் வரைகிறார்கள். சகோதரனும் சகோதரியும் சைக்கிளில் போவதைப் பார்த்து அதிர்ந்தவன், கோவலென்கோவைக் கண்டித்து, நடந்த பேச்சைத் தலைமையாசிரியரிடம் சொல்லிவிடுவதாக அறிவிக்கிறான். கோவலென்கோ அவனை மாடிப்படியில் தள்ளிவிடுகிறான். அந்த நேரத்தில் உள்ளே வந்த வாரெங்கா, தவறி விழுந்தான் என்று நினைத்து வாய்விட்டுச் சிரிக்கிறாள். அவன் வீட்டுக்குப் போய்ப் படுக்கிறான். ஒரு மாதத்தில் சாகிறான்.

வாரெங்காவின் சிரிப்பை விடுதலையின் குரலாகக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. கதை அப்படிச் சொல்லவில்லை. வில்ஹெல்ம் ரைஹ் 1933ல் இத்தகைய குணத்தைக் கவசம் என்றார். எதற்கோ அஞ்சி அணிந்துகொண்ட கவசத்தை அடுக்கடுக்காகத்தான் அணுக வேண்டும் என்பது அவர் முறை. இன்றைய பேச்சு வைத்தியமும் மெதுவானதுதான். இந்தக் கோளாறுக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து இல்லை. கூட வரும் மனச்சோர்வுக்கு மருந்து உண்டு. வருகிறவன் வைத்தியத்தையும் ஒரு ஃபைலாக்கிவிடுவான். குறித்த நேரத்துக்கு வருவான், குறிப்பு எழுதி வருவான். என்ன உணர்ந்தாய் என்று கேட்டால் என்ன நினைத்தேன் என்று பதில் சொல்வான். டாக்டரும் அந்த விவாதத்தில் ருசி கண்டு சிக்கிக்கொள்ள முடியும். அதனால் சின்னச் சின்னப் பரீட்சைகள்: ஒரு கடிதத்தைப் பிழையோடு அனுப்பிப் பார்ப்பது, ஒரு வேலையை இன்னொருவனிடம் விட்டுவிட்டுச் சரிபார்க்காமல் இருப்பது. பிறகு என்ன ஆயிற்று என்று பார்ப்பது. பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பதை அவனே தன் உடம்பால் அறிய வேண்டும்.

ஏதாவது ஆகிவிடுமோ என்பதுதான் பெலிகோவின் வாழ்நாள் கவலை. ஒன்றும் ஆகாது என்று அறியும் வாய்ப்பை ஊர் அவனுக்குத் தரவில்லை. ஒருமுறை, ஒரே முறை, அவன் உறையிலிருந்து தலையை நீட்டி ஒரு பெண்ணின் படத்தை மேஜைமேல் வைத்தான். உடனே கேலிச்சித்திரம், படிக்கட்டு, சிரிப்பு. அவனுடைய அச்சம் சரியானது என்று ஊரே நிரூபித்துக் கொடுத்துவிட்டது.

அவனைப் புதைக்கிற அன்று மழை. எல்லோரும் காலோஷ் போட்டுக் குடை பிடித்துப் போகிறார்கள். சந்தோஷத்தோடு திரும்புகிறார்கள், ஒரு வாரம்கூட ஆகவில்லை, வாழ்க்கை பழையபடியே ஆகிவிடுகிறது. படித்த, யோசிக்கிற மனிதர்கள் 15 வருஷம் ஒரு கிரேக்க வாத்தியாருக்குப் பயந்தது ஏன் என்பதற்குப் பதில் இங்கே இருக்கிறது. அவர்களுக்காகவும் சேர்த்து அஞ்சும் பொறுப்பை அவன் ஏற்றிருந்தான்.

எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. ஒரே கதையை வருஷக்கணக்கில் திருத்தி, அச்சுக்குக் கொடுக்காமல் வைத்திருப்பவனைக் கலைஞன் என்று நாம் மெச்சுகிறோம். சில சமயம் அது உண்மை. படைப்பு கேட்கிற திருத்தம் ஒன்று. யாரும் குறை சொல்ல இடம் வைக்காத திருத்தம் இன்னொன்று. இரண்டும் கையெழுத்துப் பிரதியில் ஒரே மாதிரி அடித்தல்களாகத்தான் இருக்கும். எதற்காக அடித்தோம் என்பது அடித்தவனுக்குத் தெரியும், கேட்டுக்கொண்டால்.

கதையைச் சொன்ன புர்க்கின், நேரமாகிவிட்டது என்று தூங்கிவிடுகிறான். நகரத்து நெரிசலில் நாம் வாழ்வதும் ஓர் உறைதானே என்று கேட்ட இவான் இவானிச்சுக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து வெளியே போய், கதவருகில் உட்கார்ந்து பைப்பைப் பற்றவைக்கிறான். மிருக வைத்தியன் அவன். அந்தக் கதையில் வைத்தியன் என்று சொல்லக்கூடியவன் அவன் ஒருவன்தான்.