பாபுவுக்கு ஒரு நீதி, கங்காவுக்கு ஒரு நீதி

1966இல் 'ஆனந்த விகடன்' வெளியிட்ட ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை கிளப்பிய சர்ச்சையைப் போல, தமிழ் வாசகரின் மனத்தை வெளிச்சமிட்டுக் காட்டிய இன்னொரு சம்பவம் நம் இலக்கியத்தில் இல்லை என்றே நினைக்கிறேன். மழை நாளில் பஸ்ஸுக்கு நின்ற கல்லூரி மாணவியை ஒருவன் காரில் ஏற்றிக்கொண்டு போகிறான். அழுதுகொண்டே வீடு திரும்பும் மகளின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டி, களங்கம் ஏதும் இல்லையென்று தேற்றுகிறாள். அவ்வளவுதான் கதை. எந்தத் தாய் இப்படி மன்னிப்பாள், ஊரில் பெண் குழந்தைகள் கெட்டுப்போக வழிகாட்டுவதா என்று ஒரு சாரார் கடிதம் எழுதிக் கொதித்தார்கள். இப்படி ஒரு தாய் இருக்க வேண்டும் என்று இன்னொரு சாரார் நெகிழ்ந்தார்கள்.

கொதித்தவர்களுக்கு ஜெயகாந்தன் சொன்ன பதில் ஒரு நாவல். சரி, அந்தத் தாய் நீங்கள் சொன்னபடியே நடந்திருந்தால்? வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு ஊரைக் கூட்டியிருந்தால்? 'தினமணி கதி'ரில் 'காலங்கள் மாறும்' என்று தொடராக வந்து, 1970இல் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்ற புத்தகமானது அப்படித்தான். 1972இல் சாகித்திய அகாதமி விருதும் பெற்றது. அந்த மாணவிக்கு நாவலில் கங்கா என்று பெயர். அவளை அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். படிக்க வைக்கும் வெங்கு மாமாவின் கண்ணிலும் கெட்ட எண்ணம். உத்தியோகத்துக்குப் போய்த் தன் காலில் நிற்கும் கங்கா, ஒரு நாள் பத்திரிகையில் ஒரு கதையைப் படித்து அதிர்கிறாள். தன் கதையேதான், முடிவு மட்டும் வேறு. தன் அம்மா இப்படி இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கும் கங்காவும் 'அக்கினிப் பிரவேச'த்தின் வாசகிதான். கடிதம் எழுதியவர்கள் கேட்ட தண்டனை ஒரு பெண்ணின் வாழ்க்கையை என்ன செய்யும் என்பதை, அதை அனுபவித்தவளையே பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டிவிட்டார் ஆசிரியர்.

அதன் பிறகும் வாசகர்கள் ஒன்றுபடவில்லை. சென்னையில் ஆதம்பாக்கம், நங்கநல்லூர்ப் பக்கம் ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள் நிறைய உண்டு. அவர்களில் பலர் தொடர்கதைகளைக் கிழித்து பைண்டு செய்து வைத்துப் படித்த தலைமுறை. இந்த நாவலைப் பற்றிப் பேச்செடுத்தால், ஆண்கள் பெரும்பாலும் முடிவைப் பற்றியே வாதாடுகிறார்கள்: அன்று காரில் ஏற்றிக்கொண்டு போன பிரபு அவளைக் கைவிட்டது சரியா, அவளைக் குடிக்க வைத்தது நியாயமா என்று. பரங்கிமலை ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்துக் கோட்டைக்கும் பீச்சுக்கும் வேலைக்குப் போய்வந்த பெண்களுக்கு அந்த விவாதத்தில் அக்கறை இல்லை. "வெங்கு மாமா எல்லா ஆபீஸ்லயும் ஒருத்தர் இருப்பார்ப்பா, நாவல்ல மட்டும் இல்ல" என்றார் ஓர் அம்மா. மேற்கொண்டு அவர் சொன்னதெல்லாம் கங்காவின் சம்பளத்தைப் பற்றி, அந்தச் சம்பளம் தந்த தைரியத்தைப் பற்றி. விமர்சகர்கள் யாரும் இந்த நாவலை இந்தப் பக்கத்திலிருந்து போதிய அளவு பார்க்கவில்லை என்பது என் வருத்தம்.

இதோடு தி.ஜானகிராமனின் 'மோகமு'ள்ளை வைத்துப் பார்க்க வேண்டும். 1950களில் 'சுதேசமித்திர'னில் தொடராக வந்தது. பாபு என்ற இளைஞன் சங்கீதத்துக்கும் தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாவின் மீதுள்ள மோகத்துக்கும் நடுவில் வளர்ந்து ஆளாகும் கதை. கும்பகோணம் போய்த் துக்காம்பாளையத் தெருவைத் தேடிப் பார்த்துவிட்டு வந்த வாசகர்கள் எத்தனையோ பேர். யமுனா கடைசியில் இசைந்தது பாத்திரத்துக்குப் பொருந்துமா என்று இன்றுவரை சண்டை. ஆனால் அடுத்த வீட்டுக் கிழவரின் இளம் மனைவி தங்கம்மா? பாபுவோடு உறவு கொண்டு, பிறகு அவனால் விலக்கப்பட்டு, உயிரை மாய்த்துக்கொண்டவள். அவளைப் பற்றிப் பேசும் வாசகரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. பாபுவின் தடுமாற்றம் அவன் வளர்ச்சியில் ஒரு படி. சங்கீத குரு ரங்கண்ணாவின் சீடன் என்ற பெயர் அவனுக்கு நிலைத்தது. கங்கா தவறே செய்யவில்லை, ஆனாலும் அவளைத் தண்டிக்கச் சொல்லிக் கடிதம் பறந்தது. ஜானகிராமன் தங்கம்மாவை இரக்கத்தோடுதான் எழுதியிருக்கிறார். அவளைக் கடந்து போனவர்கள் நாம்.

அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' (1977) வேறு வகை. ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த 1948ஐ ஒட்டிய நாட்களில், கிரிக்கெட் பைத்தியமான சந்திரசேகரன் கலவரத்தின் நடுவே ஆளாகிறான். முடிவு சட்டென்று அறுந்துவிடுகிறது என்பார் சிலர். அந்த அறுபடலே அவன் பால்யத்தின் முடிவு என்பார் சிலர். நான் இரண்டாவது கட்சி.

பெண்ணே தான் வளர்ந்த கதையை எழுதியபோது எதிர்வினையின் முகம் மாறியது. 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது, தன் வாழ்க்கையையே சாதியின் வலியோடு சொன்ன புத்தகம். ஊர்க்காரர்கள் முதலில் கோபப்பட்டார்கள். சில மாதங்கள் அவரால் சொந்த ஊருக்குள் போக முடியவில்லை. படித்த இளைஞர்கள் புத்தகத்தை எடுத்துப் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டிய பிறகுதான், அது தங்களைப் பழித்து எழுதியதல்ல, தங்களுக்காக எழுதியது என்று அவர்களுக்குப் புரிந்தது.