ஓட்டமா, வீச்சா? மூன்று தோல்விகளை முன்வைத்து

2015 பிப்ரவரி 1. அமெரிக்காவின் அரிசோனா மாநிலம், க்ளெண்டேல் நகரம். அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் 49-ஆவது ஆட்டம் முடிய இன்னும் 26 விநாடிகள். நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 28, சியாட்டில் சீஹாக்ஸ் 24. பந்து சியாட்டிலின் கையில் இருந்தது. எல்லைக்கோட்டுக்கு ஒரே ஒரு யார்டுதான் பாக்கி. அந்த அணியில் மார்ஷான் லிஞ்ச் இருந்தார். மேலே விழுந்து பிடிக்கிறவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு முன்னேறுகிற ஓட்டக்காரர் அவர். அன்று 24 முறை பந்தை ஏந்தி 102 யார்டு ஓடியிருந்தார். அதற்கு முந்தைய முயற்சியில்தான் ஐந்தாம் யார்டிலிருந்து ஒன்றாம் யார்டு வரை வந்து விழுந்திருந்தார். ஆனால் இந்த முறை பந்து அவரிடம் போகவில்லை. பந்தை வீசும் குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன் அதை ரிக்கார்டோ லாக்கெட்டுக்கு வீசினார். மால்கம் பட்லர் என்ற புதுமுகத் தடுப்பாளர் குறுக்கே பாய்ந்து பிடித்தார். கோப்பை கைமாறியது.

சூப்பர் பவுல் வரலாற்றிலேயே மோசமான முடிவு என்று அன்றிரவே பலர் தீர்ப்பெழுதிவிட்டார்கள். அந்தத் தீர்ப்பு இன்றுவரை பெரிதாக மாறவில்லை. அது தவறான தீர்ப்பு என்பது என் கட்சி. அதைவிடப் பெரிய பிழைகள் செய்த இரண்டு அணிகள் அந்த அளவு வசை வாங்காமல் தப்பித்திருக்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்கு இரண்டு விதிகள் தெரிந்தால் போதும். தாக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் பத்து யார்டு முன்னேறினால் மறுபடியும் நான்கு. முன்னேற வழி இரண்டு: பந்தை ஏந்தி ஓடலாம், அல்லது வீசிப் பிடிக்கலாம். ஓடியவரை மைதானத்துக்குள் வீழ்த்தினால் கடிகாரம் நிற்காது. வீசிய பந்து யார் கையிலும் சிக்காமல் தரையில் விழுந்தால் நின்றுவிடும். விவாதத்தின் பாதி இந்தக் கடிகாரத்தில்தான் இருக்கிறது.

ஓட்டமும் வீச்சும் ஏறத்தாழச் சரிபாதியாக இருக்க வேண்டும் என்பது அங்கே நெடுநாள் வேதவாக்கு. முதலில் ஓடி ஓடி எதிரணியைக் களைப்பாக்கு, பிறகு வீசு. முப்பது முறை ஓடிய அணி தோற்பதில்லை. இப்படித் தலைமுறை தலைமுறையாகப் பயிற்சியாளர்கள் சொல்லிவந்தார்கள். முன்னோக்கி வீசுவதே 1906-இல்தான் சட்டபூர்வமானது என்பதை நினைத்தால் ஓட்டத்தின் மீதான பற்று புரிகிறது. 1978-இல், பந்தைப் பிடிக்க ஓடுகிறவரை ஐந்து யார்டுக்கு அப்பால் மறிக்கக்கூடாது என்று விதி மாறியது. வீசுபவரைக் காக்கும் வீரர்கள் கைகளை நீட்டித் தடுக்கவும் அனுமதி கிடைத்தது. வீச்சின் மதிப்பு அன்றே உயர்ந்துவிட்டது. பயிற்சியாளர்களின் மனம் அதே வேகத்தில் மாறவில்லை.

'முப்பது முறை ஓடினால் வெற்றி' என்ற வாதத்தை 2003-இல் ஆரன் ஷாட்ஸ் உடைத்தார். பாஸ்டன் பத்திரிகையாளர் ஒருவர் ஓட்டத்தை வலியுறுத்தி எழுதியதைச் சரிபார்க்க உட்கார்ந்தவர் அவர். அவர் கண்டது எளிமையானது: ஓடுவதால் அணிகள் முந்துவதில்லை, முந்திவிட்ட அணிகள் கடிகாரத்தைக் கரைப்பதற்காகக் கடைசியில் ஓடுகின்றன. காரணம் எது, விளைவு எது என்பது தலைகீழாகப் புரிந்துகொள்ளப்பட்டிருந்தது. 2009-இல் ஆய்வாளர் கென்னத் கோவாஷும் பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட்டும் 1,25,000-க்கும் மேற்பட்ட ஆட்டத் தேர்வுகளை ஆராய்ந்து இரண்டு முடிவுகளுக்கு வந்தார்கள். ஒன்று, அணிகள் வீச வேண்டிய அளவுக்கு வீசுவதில்லை. மற்றது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது: ஒரு முறை ஓடினால் அடுத்த முறை வீசுவது, வீசினால் அடுத்து ஓடுவது என்று மாற்றி மாற்றி ஆடும் பழக்கம் அணிகளிடம் இருக்கிறது. சமநிலை காக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அடுத்து என்ன வரும் என்பதை எதிரிக்குக் காட்டிக்கொடுக்கிறார்கள். இந்தப் பிழைகளைத் திருத்தினாலே ஒரு அணிக்கு சீசனுக்கு அரை வெற்றி கூடும் என்பது அவர்கள் கணக்கு. பதினாறே ஆட்டங்கள் கொண்ட அன்றைய சீசனில் அது சின்ன விஷயமில்லை.

ஆகவே வீச்சே சிறந்தது என்று புத்தகத்தை மூடிவிடலாமா? முடியாது. சராசரியாக ஒரு வீச்சு ஓட்டத்தைவிட ஒன்றரை, இரண்டு யார்டு கூடுதலாகத் தருகிறது என்பது உண்மை. ஆனால் சராசரி என்பது எல்லா அணிகளையும், எல்லா இடங்களையும், எல்லா நிமிடங்களையும் ஒரே பானையில் போட்டுக் காய்ச்சிய கஷாயம். ஒரு யார்டு மட்டும் வேண்டியவனுக்கு ஆறு யார்டு சராசரியால் என்ன பயன்? திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்ற மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. படை நடத்துகிறவன் எடைபோட வேண்டியவை அவை. ஓட்டமா வீச்சா என்ற வழக்குக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. சதவீதத்தைத் தள்ளிவைத்துவிட்டு இந்த மூன்றையும் கொண்டு நிறுத்துப் பார்ப்போம்.

சியாட்டிலுக்கு வருகிறேன். அந்த நேரத்தில் அவர்களிடம் மூன்று வாய்ப்புகள் இருந்தன, கடிகாரத்தை நிறுத்த ஒரே ஒரு டைம் அவுட். இரண்டாவது வாய்ப்பில் ஓடித் தடுக்கப்பட்டால் அந்த டைம் அவுட் செலவாகும். மூன்றாவதிலும் ஓடித் தடுக்கப்பட்டால் கடிகாரம் ஓடும்; மனிதக் குவியல் கலைந்து எழுந்து நான்காவதற்கு அணிவகுக்க நேரம் கிடைக்கும் என்பது நிச்சயமில்லை. மூன்று வாய்ப்பையும் முழுசாகப் பயன்படுத்த வேண்டுமானால் குறைந்தது ஒன்று வீச்சாக இருந்தாக வேண்டும். அதை முதலிலேயே வீசி, தவறினால் கடிகாரம் நின்றுவிடும். பிறகு டைம் அவுட் துணையோடு இரண்டு முறை ஓடலாம். காலத்தைப் பொறுத்தவரை பயிற்சியாளர் பீட் கேரல் தேர்ந்தது சரியான வரிசை.

இடம், வலி? சியாட்டில் பந்து பிடிக்கும் வீரர்கள் மூவரை இறக்கியிருந்தது. எதிரே பேட்ரியாட்ஸ் கனத்த உடல்களை முன்வரிசையில் குவித்து, வீச்சைத் தடுக்க மூவரை மட்டுமே விட்டிருந்தது. ஓட்டத்துக்கு எதிராகக் கட்டிய சுவர் அது. லிஞ்ச் எவ்வளவு பெரிய வீரர் என்றாலும் அந்த சீசனில் ஒன்றாம் யார்டிலிருந்து ஐந்து முறை ஓடி ஒரு முறைதான் எல்லையைக் கடந்திருந்தார். அதே சீசனில் லீக் முழுவதும் ஒன்றாம் யார்டிலிருந்து நூறுக்கும் மேற்பட்ட வீச்சுகள் வீசப்பட்டன. பட்லர் பிடிக்கும்வரை அவற்றில் ஒன்றுகூட எதிரணியின் கையில் சிக்கவில்லை. இந்த விவரங்களைக் கையில் வைத்துக்கொண்டு வீசலாம் என்று முடிவெடுத்தவரை மூடர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதற்காக சியாட்டிலைக் குற்றமற்றதென்று விடுவிக்கவும் மாட்டேன். வீசுவது சரி, வீசிய விதம் தவறு. நெரிசலான உட்பகுதியை நோக்கி வேகமாகப் பாயும் வீச்சு, ஜெர்மேன் கியர்ஸ் முன்னால் நின்று தடுப்பாளரை மறித்துத் தருவார் என்ற ஒரே நம்பிக்கையில் நின்ற திட்டம். அவரை எதிர்கொண்டவர் பிராண்டன் பிரவுனர். முந்தைய சீசன்வரை சியாட்டிலிலேயே ஆடியவர், உடல்பலத்தால் எதிரியை முடக்குவதற்குப் பேர்போனவர். அவர் கியர்ஸை நின்ற இடத்திலேயே நிறுத்திவிட்டார். பட்லருக்குப் பாதை திறந்தது. இதே உத்தியைப் பேட்ரியாட்ஸ் பயிற்சியில் ஒத்திகை பார்த்திருந்தார்கள், அங்கே பட்லர் தோற்றிருந்தார், அதனால் இங்கே அடையாளம் கண்டுகொண்டார். மாற்றாக, அந்த சீசனில் 849 யார்டு ஓடிய வில்சனை ஓரமாக ஓடவிட்டு, வீசவும் ஓடவும் அவருக்கே உரிமை தந்திருக்கலாம். இன்னொன்றும் உண்டு. லிஞ்ச் விழுந்தபோது ஏறக்குறைய ஒரு நிமிடம் இருந்தது. எதிரணிக்கு நேரம் மிச்சம் வைக்கக்கூடாது என்று சியாட்டில்தான் அதை 26 விநாடிவரை கரையவிட்டது. வீச்சைக் கட்டாயமாக்கியது அந்தக் காத்திருப்பு. பிழை உண்டு; ஆனால் ஊர் சொல்கிற இடத்தில் இல்லை.

இனி 2017 பிப்ரவரி 5, ஹூஸ்டன். அட்லாண்டா ஃபால்கன்ஸ் மூன்றாம் கால்பகுதியில் 28-3 என்று முன்னிலையில் இருந்தது. எதிரணி அதே பேட்ரியாட்ஸ். அதன்பின் ஃபால்கன்ஸ் ஓடிய முறைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஓட்டம் பலிக்காமல் இல்லை: அன்று மொத்தம் 18 முறை ஓடி 104 யார்டு எடுத்திருந்தார்கள். நான்காம் கால்பகுதியில் 28-12 என்றிருந்தபோது, மூன்றாவது வாய்ப்பு, ஒரு யார்டு தேவை. வீச முற்பட்டார்கள். பேட்ரியாட்ஸின் டான்டா ஹைடவர் பாய்ந்து ஃபால்கன்ஸ் குவார்ட்டர்பேக் மேட் ரையனின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டார். அது எட்டுப் புள்ளிகளாக மாறியது.

இந்த இடத்தையாவது வாதிட்டுக் காப்பாற்றலாம். அடுத்ததைக் காப்பாற்றவே முடியாது. 28-20. ஃபால்கன்ஸின் ஜூலியோ ஜோன்ஸ் ஓரக்கோட்டில் கால் பதித்து எடுத்த அபாரமான பிடியால் பந்து எதிரணியின் 22-ஆம் யார்டில் இருந்தது. ஆட்டத்தில் ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. அங்கிருந்து நேரே உதைத்தாலே ஏறக்குறைய 40 யார்டு ஃபீல்டு கோல், மூன்று புள்ளி, பதினோரு புள்ளி முன்னிலை. இரண்டு முறை விழுந்தெழுந்து எதிரணியின் டைம் அவுட்டுகளைச் செலவழிக்கவைத்துவிட்டு உதைத்திருக்கலாம். முதல் ஓட்டத்தில் ஒரு யார்டு இழந்ததும் தாக்குதல் பயிற்சியாளர் கைல் ஷனஹான் வீச்சுக்குப் போனார். ரையன் வீழ்த்தப்பட்டு 12 யார்டு பறிபோனது. அடுத்து ஒரு தண்டனையில் இன்னும் பத்து. உதைக்கும் தூரத்தையே தாண்டிப் பின்வாங்கினார்கள். பேட்ரியாட்ஸ் 91 யார்டு நடந்துவந்து சமன் செய்தது, கூடுதல் நேரத்தில் 34-28 என்று வென்றது.

துணிந்து வீசித்தான் 28 வரை வந்தோம், அந்தத் துணிவை ஏன் விட வேண்டும் என்று ஷனஹானுக்காகச் சொல்வார்கள். அந்தத் துணிவை நானும் மதிக்கிறேன். ஆனால் முற்பகுதியில் அவர்களுக்குப் புள்ளி தேவை. பிற்பகுதியில் தேவை நேரம் கரைவது மட்டும்தான். தேவை மாறியபின்னும் ஆட்டம் மாறவில்லை. அன்று பேட்ரியாட்ஸ் 93 முறையும் ஃபால்கன்ஸ் 46 முறையும் பந்தை வைத்து ஆடின. மூச்சுவாங்கிக்கொண்டிருந்த தங்கள் தடுப்பு வீரர்களுக்கு ஓய்வு தர ஃபால்கன்ஸிடம் இருந்த மருந்து ஓட்டம் ஒன்றே. காலமறியாத பிழை இது, சியாட்டில் செய்ததைவிடப் பெரியது.

ஆனால் எனக்கு அதிகம் வலிப்பது மூன்றாவது. 2024 ஜனவரி 28, பால்டிமோர். ரேவன்ஸ் அந்த சீசனில் லீக்கிலேயே மிக அதிக யார்டு ஓடிய அணி. எதிரே கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ். அவர்களின் வீச்சுத் தடுப்பு லீக்கின் முன்வரிசையில் இருந்தது, பலவீனம் ஓட்டத் தடுப்பில்தான். இடைவேளையில் சீஃப்ஸ் 17-7 என்று முன்னிலை. இரண்டாம் பாதியில் சீஃப்ஸ் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. பத்துப் புள்ளிக்கு மேல் ரேவன்ஸ் எந்த நிமிடத்திலும் பின்தங்கவில்லை. அவசரப்பட எந்தக் காரணமும் இல்லாத ஆட்டம். அதில் ரேவன்ஸ் குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சன் 37 முறை வீசினார். ஓடுவதற்கென்றே இருந்த வீரர்கள் எல்லோரும் சேர்ந்து பந்தை வாங்கியது ஆறே முறை. 17-10 என்று தோற்றார்கள்.

ரேவன்ஸின் ஸே ஃபிளவர்ஸ் எல்லைக்கோட்டருகே பந்தை நழுவவிட்டதும், ஜாக்சன் கூட்டத்துக்குள் வீசி எதிரணியிடம் கொடுத்ததும்தான் தோல்விக்குக் காரணம் என்று சொல்லலாம். விளைவைப் பார்த்தால் அது உண்மைதான். ஆனால் முடிவின் தரத்தை விளைவைக்கொண்டு அளக்கக்கூடாது என்று சியாட்டிலுக்குத் தந்த நியாயத்தை இங்கேயும் கடைப்பிடிக்கிறேன். அந்த இரண்டு பந்துகளும் நழுவாமல், ரேவன்ஸ் வென்றே இருந்தாலும் என் தீர்ப்பு மாறாது. தன் வலியையும் மாற்றான் வலியையும் ஒருசேர மறந்து ஆடிய ஆட்டம் அது. இதே அணி 2019-இல் 3,296 யார்டு ஓடி லீக் சாதனை படைத்தது, 14 ஆட்டங்களில் வென்றது. 2020 ஜனவரியில் டென்னசி டைட்டன்ஸிடம் ஆரம்பத்திலேயே 14-0 என்று பின்தங்கியதும் பதறிப்போய் ஜாக்சனை 59 முறை வீசவைத்தது. 28-12 என்று தோற்றது. நான்காண்டு கழித்து, அந்த அளவு நெருக்கடிகூட இல்லாதபோது, மறுபடியும் அதையே செய்தது.

எனவே மூன்றில் மிகக் கடுமையான குற்றம் பால்டிமோருடையது, அட்லாண்டா அடுத்தது, ஊரே தூற்றிய சியாட்டில் கடைசி.

2020-இல் ரேவன்ஸ் வீசிக்கொண்டே இருந்த அந்த இரவில், டைட்டன்ஸுக்காக 195 யார்டு ஓடியவர் டெரிக் ஹென்றி. 2024 மார்ச்சில் ரேவன்ஸ் அவரைத் தங்கள் அணிக்கு எடுத்தது. 30 வயதில், அந்த சீசனில் அவர் 1,921 யார்டு ஓடினார்.