பாயில் இல்லாத பெயர்

ஆப்பிரிக்கக் கலை என்றால் முகமூடி என்றே நம்மில் பலர் அறிந்திருக்கிறோம். ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் அவற்றை அப்படித்தான் வைத்தன: இனக்குழுவின் பெயர் இருக்கும், செய்தவர் பெயர் இருக்காது. 2017இல் கேப்டவுனில் திறக்கப்பட்ட ஸைட்ஸ் மொக்கா அதற்கொரு மறுப்பு. பழைய தானியக் குதிர்களைக் குடைந்து உருவாக்கிய அந்தக் கட்டடத்தில் இன்றைய ஆப்பிரிக்கக் கலைஞர்கள் தத்தம் பெயரோடு இருக்கிறார்கள். வாசலில் இருப்பதோ ஒரு ஜெர்மன் தொழிலதிபரின் பெயர். கேமரூனில் பிறந்த கோயோ குவோ 2019 முதல் 2025இல் மறையும்வரை அதற்குத் தலைமை வகித்தார். தென்னாப்பிரிக்கக் கலைஞர் ட்ரேசி ரோஸின் பல்லாண்டுப் படைப்புகள் 2022இல் அங்கே தனிக்கண்காட்சியானது அவர் காலத்தில்தான். கட்டடத்தின் பெயர் மாறவில்லை. உள்ளே யார் பெயர் ஏறுகிறது என்பது மாறியது.

பொருநைக் கரையிலிருந்து இதை வாசிக்கையில் எனக்கு நம் ஊர்ப் பெண்கள் நினைவுக்கு வருகிறார்கள். ஆதிச்சநல்லூரில் 2004-05 அகழாய்வில் கிடைத்த பானை ஓடொன்றில் நெற்கதிர், மான், முதலையோடு ஒரு பெண்ணும் புடைப்பாக நிற்கிறாள். அவளை வனைந்த கை யாருடையது என்று மண் சொல்லாது. பத்தமடை சொல்லலாம் அல்லவா? கோரையை ஆற்றுநீரில் ஊறவைத்து, இழை இழையாகக் கிழித்து, பருத்திப் பாவில் நெய்பவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் பெண்கள். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரை நெய்கிறார்கள். நெய்தவள் பெயர் அதில் இல்லை. புவிசார் குறியீடும் ஊருக்குத்தான், அவளுக்கல்ல. பாய் நெய்யும் வீட்டிலிருந்து வரும் என் மாணவி, படிவத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’ என்றே எழுதுகிறாள்.

‘அது கைவினைதானே, கலையா?’ என்பார்கள். ந்டெபெலே பெண்கள் வீட்டுச் சுவர்களில் வரைந்ததையும் அப்படித்தான் சொன்னார்கள். தாயிடமும் பாட்டியிடமும் அதைக் கற்ற எஸ்தர் மஹ்லாங்கு 1989இல் பாரிஸ் கண்காட்சியில் அதே கோடுகளை வரைந்தார். அருகே அவர் பெயர் இருந்தது. உலகம் அதைக் கலை என்றது. ஒருவர் பெயர் ஏறியதால் மற்ற சுவர்களின் பெண்களுக்கு என்ன கிடைத்தது என்பதையும் நாம் கேட்கத்தான் வேண்டும்.

எனவே நான் கேட்பது ஒரு நட்சத்திரத்தை அல்ல. புதைந்தவற்றைப் போற்றும் இந்த ஆற்றங்கரையில், உயிரோடிருக்கும் கைகளுக்கும் ஓர் அறை வேண்டும். ஒவ்வொரு பாயின் அருகிலும் நெய்தவள் பெயர், எடுத்துக்கொண்ட நாட்கள், பெற்ற கூலி மூன்றையும் எழுத வேண்டும். மூன்றாவதை எழுதத்தான் நம் கை கூசும். அதை முதலில் எழுதுவோம்.