மறந்த தீர்ப்பும் மாற்றிய தீர்ப்பும்

ஒத்த வழக்குகளுக்கு ஒத்த தீர்ப்பு என்னும் விதியை மறுக்கும் நீதிபதி எவருமில்லை. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது நமது அரசமைப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் இந்நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிறது 141ஆம் பிரிவு. இவ்விரண்டையும் இணைத்துப் படிப்போர்க்கு, ஒரே நிலையில் உள்ள இருவர் இருவேறு நீதியைப் பெற இங்கு இடமில்லை என்றே தோன்றும். எனினும் ஒரு விதியின் வலிமையை அது மிகக் கடுமையாகச் சோதிக்கப்படும் இடத்தில்தான் அறிய முடியும். உயிரைப் பறிக்கும் தண்டனையில் இவ்விதி எவ்வாறு நிலைபெற்றிருக்கிறது? இதற்கு விடை காண, 1982 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஹர்பன்ஸ் சிங் வழக்கின் தீர்ப்பை மீண்டும் எடுத்துப் படிக்க விழைகிறோம்.

உத்தரப் பிரதேசத்தில் ஒரே குடும்பத்தார் நால்வர் கொல்லப்பட்ட வழக்கு அது. அக்குற்றத்திற்காக மூவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மூவரும் தனித்தனியே, வெவ்வேறு காலங்களில் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். முதலாமவரின் மனு 1976இல் தள்ளுபடி செய்யப்பட்டது. இரண்டாமவரின் மனு 1977இல் வேறொரு அமர்வின் முன் வந்தது; அவருடைய தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. மூன்றாமவரான ஹர்பன்ஸ் சிங்கின் மனு 1978இல் மற்றுமோர் அமர்வினால் தள்ளப்பட்டது. அவருடைய சீராய்வு மனுவும் 1980இல் தள்ளப்பட்டது. உடன் குற்றவாளி ஒருவருக்கு அதே நீதிமன்றம் முன்னரே உயிர்ப்பிச்சை அளித்திருந்தது என்னும் செய்தி இவ்விரு வேளைகளிலும் நீதியரசர்களின் கவனத்திற்கு வரவில்லை. கருணை மனுக்களும் பயனளிக்கவில்லை. 1981 அக்டோபர் 6ஆம் நாள் முதலாமவர் தூக்கிலிடப்பட்டார். அதே நாளில் தூக்கிலிடப்படவிருந்த ஹர்பன்ஸ் சிங், இறுதி நேரத்தில் தாக்கல் செய்த மனுவினால் இடைக்காலத் தடை பெற்று உயிர் தப்பினார்.

குற்றம் ஒன்று. அதில் மூவரின் பங்கும் ஒன்று. நீதிமன்றமும் ஒன்றே. ஆயினும் ஒருவர் இறந்தார், ஒருவர் ஆயுள் தண்டனை பெற்றார், ஒருவர் இரண்டிற்கும் இடையே நின்றார். இவ்வேறுபாட்டிற்குச் சட்டத்திலோ சாட்சியத்திலோ காரணம் தேடிப் பயனில்லை. மனுக்கள் எந்த ஆண்டில், எந்த அமர்வின் முன் வந்தன என்பதே காரணம்.

தலைமை நீதியரசர் ஒய். வி. சந்திரசூட் எழுதிய தீர்ப்பின் நேர்மையை நாம் மதிக்கிறோம். நீதிமன்றம் தன் குறையைத் தானே வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. உடன் குற்றவாளியின் தண்டனை குறைக்கப்பட்டிருக்க இவரைத் தூக்கிலிடுவது அநீதி என்றும் கண்டது. ஆனால் குடியரசுத் தலைவர் கருணை மனுவை ஏற்கெனவே நிராகரித்துவிட்ட நிலையில், தானே தண்டனையைக் குறைக்க முன்வராமல், குறைக்குமாறு அவருக்குப் பரிந்துரைத்தது. அத்துடன் இரு ஏற்பாடுகளையும் வகுத்தது. மரண தண்டனை வழக்குகளில் உடன் குற்றவாளி எவருக்கேனும் தண்டனை குறைக்கப்பட்டுள்ளதா என்பதை நீதிமன்ற அலுவலகம் தன் குறிப்பில் தெரிவிக்க வேண்டும். தூக்கிலிடுவதற்கு முன் சிறைக் கண்காணிப்பாளரும் அதை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பன அவை.

இவ்வேற்பாடுகள் தேவையானவையே. ஆயினும் நோயின் ஒரு குறியை மட்டுமே அவை தொட்டன என்று கருதுகிறோம். ஒரே குற்றத்தில் பங்குகொண்ட இருவரை அலுவலகக் குறிப்பால் இணைத்துவிடலாம். வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு ஆண்டுகளில், ஒரே தன்மையுள்ள குற்றத்தைப் புரிந்த இருவரை எந்தக் குறிப்பு இணைக்கும்? பெயர்ப் பட்டியலால் ஆகாத பணி அது. வழக்குகளை ஒத்தவை ஆக்குவது எது என்னும் ஆய்வு அதற்கு வேண்டும்.

இவ்விடத்தில் நம் உஸூலுல் ஃபிக்ஹ் கலை கைகொடுக்கிறது. கியாஸின் நான்கு உறுப்புகளை நம் வாசகர் அறிவர்: தீர்ப்புள்ள மூல நிகழ்வாகிய அஸ்ல், தீர்ப்புத் தேடும் புது நிகழ்வாகிய ஃபர்உ, மூலத்தின் தீர்ப்பாகிய ஹுக்ம், இரண்டையும் பிணைக்கும் காரணமாகிய இல்லத். இவற்றுள் உயிர்நாடி இல்லத்தே ஆகும். திராட்சை மதுவின் விலக்கு பிற போதைப் பொருள்களுக்கும் பொருந்துவது நிறத்தாலோ சுவையாலோ அன்று, போதை என்னும் இல்லத்தால் என்பதை மதரஸாவின் இளம் மாணவரும் சொல்வர். வெளித்தோற்றத்தில் ஒத்தவை காரணத்தில் வேறுபடலாம். தோற்றத்தில் வேறுபட்டவை காரணத்தில் ஒன்றலாம். காரணத்தில் வேறுபாடு இருக்கவே இரண்டை ஒப்பிடுவதைக் கியாஸ் மஅல் ஃபாரிக் என ஒதுக்கினர் நம் அறிஞர்.

ஒத்தவற்றிற்கு ஒரே தீர்ப்பு என்றால் நேற்றைய தீர்ப்பை இன்று மாற்றவே கூடாதா என்னும் வினா எழும். இதற்கு உமர் (ரலி) அவர்களின் காலத்து வாரிசுரிமை வழக்கு ஒன்று விடை தருகிறது. இறந்த பெண் ஒருவருக்குக் கணவர், தாய், தாய்வழிச் சகோதரர்கள், உடன்பிறந்த முழுச் சகோதரர்கள் ஆகியோர் இருந்தனர். கணவருக்குப் பாதி, தாய்க்கு ஆறில் ஒன்று, தாய்வழிச் சகோதரர்களுக்கு மூன்றில் ஒன்று எனப் பங்கிட்டால் சொத்து முழுவதும் தீர்ந்துவிடும். எஞ்சியதைப் பெறவேண்டிய முழுச் சகோதரர்களுக்கு ஏதும் மிஞ்சாது. முதன்முறை உமர் (ரலி) அவ்வாறே தீர்ப்பளித்தார்கள். பின்னொரு முறை இதே வகை வழக்கு வந்தபோது, தாங்களும் அதே தாயின் மக்களே என்னும் வாதத்தை ஏற்று, அம்மூன்றில் ஒரு பங்கில் முழுச் சகோதரர்களையும் சேர்த்தார்கள். முன்பு வேறுவிதமாகத் தீர்ப்பளித்தீர்களே என்று வினவப்பட்டபோது, அது அன்று கண்ட முடிவு, இது இன்று கண்ட முடிவு என்னும் பொருள்பட விடையளித்தார்கள். முந்தைய தீர்ப்பையும் கலைக்கவில்லை.

இந்நிகழ்வை மேலோட்டமாகப் படிப்போர், ஒத்த வழக்குகளுக்கு வேறு தீர்ப்பு வழங்க இது சான்று என்று கொள்வர். நாம் அவ்வாறு கொள்ளவில்லை. அவையில் ஒருவர் முந்தைய தீர்ப்பை நினைவில் வைத்திருந்தார்; அதை எடுத்துச் சொன்னார்; நீதி வழங்கியவர் மாற்றத்தை மறைக்காமல் ஏற்றுக்கொண்டார்; ஒரே தாயின் மக்கள் என்னும் காரணமும் அனைவர் முன்னிலையிலும் வெளிப்பட்டது. அதனால்தான் பின்வந்த இமாம்கள் அக்காரணத்தை எடுத்து ஆராய முடிந்தது. இமாம் மாலிக், இமாம் ஷாஃபிஈ ஆகியோர் இரண்டாம் தீர்ப்பைத் தழுவினர். இமாம் அபூ ஹனீஃபா, இமாம் அஹ்மத் ஆகியோர் முதல் தீர்ப்பில் நின்றனர். தமிழகத்துக் கடற்கரை ஊர்களின் ஷாஃபிஈ ஆலிமும் உள்நாட்டு ஊர்களின் ஹனஃபி ஆலிமும் இன்றும் இவ்வகைச் சொத்தை வெவ்வேறாகப் பங்கிடக்கூடும். ஆனால் இருவரும் தத்தம் காரணத்தைச் சொல்வர். மற்றவரின் காரணத்தையும் அறிந்திருப்பர். ஒவ்வொருவரிடமும் ஒத்த வழக்குகள் ஒத்த தீர்ப்பையே பெறும்.

அறிந்து மாற்றுவது இது. மறந்து மாறுவது வேறு. 1978இல் நிகழ்ந்தது பின்னது.

அலுவலகக் குறிப்பு இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்குமா என்பதற்குப் பிந்தைய வரலாறு விடை கூறுகிறது. 1980இல் பச்சன் சிங் வழக்கில் ஐந்து நீதியரசர்கள் கொண்ட அமர்வு, மரண தண்டனை செல்லும் என்று பெரும்பான்மையால் முடிவு செய்தது. அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டுமே அதை விதிக்கலாம் என்றும், குற்றத்தை மட்டுமன்றிக் குற்றவாளியையும் நோக்க வேண்டும் என்றும் அது வரையறுத்தது. நீதியரசர் பி. என். பகவதி மட்டும் மாறுபட்டார். 1982இல் வெளியான தம் மறுப்புத் தீர்ப்பில், தண்டனை அமர்வைப் பொறுத்து மாறுவதற்கு ஹர்பன்ஸ் சிங் வழக்கையே அவர் எடுத்துக்காட்டினார்.

பெரும்பான்மைத் தீர்ப்பு வகுத்த காரணமாவது பிந்தைய அமர்வுகளால் போற்றப்பட்டதா? 1995 டிசம்பரில் இரு நீதியரசர் அமர்வு ஒன்று, ராவ்ஜி வழக்கில், குற்றத்தின் தன்மையே கருதத்தக்கது, குற்றவாளியின் நிலை அன்று என்னும் கருத்தில் மரண தண்டனையை உறுதி செய்தது. இது ஐவர் அமர்வின் தீர்ப்புக்கு நேர் முரணானது. ஆயினும் பின்வந்த வழக்குகள் பல இதனையே முன்மாதிரியாகக் கொண்டன. 2009இல், சந்தோஷ் பரியார் வழக்கில்தான், ராவ்ஜி தீர்ப்பும் அதைப் பின்பற்றிய வேறு ஆறு தீர்ப்புகளும் ஐவர் அமர்வின் சட்டத்தைக் கருதாமல் வழங்கப்பட்டவை என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. அதற்குள் அவ்வேழு வழக்குகளைச் சேர்ந்த இருவர், 1996இலும் 1997இலும், தூக்கிலிடப்பட்டிருந்தனர். 2012இல் ஓய்வுபெற்ற நீதிபதிகள் பதினால்வர், இவ்வாறு பிழைபட்ட சட்டத்தால் மரண தண்டனை பெற்றவர்களின் உயிரைக் காக்குமாறு குடியரசுத் தலைவரிடம் முறையிட்டனர்.

இங்கு முன்மாதிரி மறக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ராவ்ஜி தீர்ப்பு நினைவில் இருந்தது. ஒத்த வழக்குகளில் அது ஒரே சீராகவும் பின்பற்றப்பட்டது. மறக்கப்பட்டது இல்லத்தே. காரணத்தை விட்டு முடிவை மட்டும் பின்பற்றும்போது சமத்துவம் என்னும் பெயரால் பிழையே பெருகும். எனவே ஒத்த தீர்ப்பு என்னும் விதிக்கு நினைவு மட்டும் போதாது.

உச்ச நீதிமன்றம் இதை அறியாததன்று. மரண தண்டனை உறுதியாவதும் குறைவதும் அமர்வில் இருப்போரின் மனப்போக்கைப் பெரிதும் சார்ந்திருக்கிறது என்னும் கருத்தை 2008இல் சுவாமி சிரத்தானந்தா வழக்கில் அதுவே பதிவு செய்தது. அதே ஆண்டில், ஆம்னெஸ்டி இந்தியாவும் தமிழ்நாடு–புதுச்சேரி மக்கள் சிவில் உரிமைக் கழகமும் இணைந்து, 1950 முதல் 2006 வரையிலான உச்ச நீதிமன்றத்தின் மரண தண்டனைத் தீர்ப்புகளை ஆராய்ந்து நூலாக வெளியிட்டன. உயிர் பறிக்கும் குலுக்குச் சீட்டு என்று பொருள்படும் தலைப்பை அதற்குச் சூட்டினர். நம் மாநிலத்தவரும் பங்குகொண்ட அவ்வாய்வு இந்நாட்டின் ஒவ்வொரு சட்டக் கல்லூரியிலும் படிக்கத்தக்கது.

இதற்கு எதிராகக் கூறப்படும் வாதம் எளிதில் புறந்தள்ளத்தக்கது அன்று. மனிதர் இருவர் ஒருபோதும் முற்றிலும் ஒத்தவரல்லர். வழக்குகளைப் பெட்டிகளில் அடைத்துத் தண்டனை வழங்கினால் நீதிபதியின் கருணைக்கு இடமின்றிப் போகும் என்பர். உண்மையே. பச்சன் சிங் அமர்வும் இக்காரணத்தால்தான் இறுகிய வாய்பாட்டை வகுக்க மறுத்தது. ஆனால் நாம் வேண்டுவது வாய்பாட்டை அன்று, காரணத்தை மட்டுமே. ஒருவரின் வறுமை, இளமை, மனநிலை, திருந்தும் வாய்ப்பு ஆகியவை ஒரு வழக்கில் உயிரைக் காத்தன என்றால், அவையே இருந்தும் மற்றொருவரைக் காக்காதது ஏன் என்று நீதிமன்றம் எழுதிவைக்கக் கடமைப்பட்டுள்ளது. 2022இல் மனோஜ் வழக்கில், குற்றவாளியின் மனநிலை, வாழ்க்கைப் பின்னணி, சிறை நடத்தை ஆகியவற்றைப் பற்றிய அறிக்கைகளைப் பெற்றே தண்டனையை முடிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. இது இல்லத்தைத் தேடும் முயற்சியே. நாம் இதை வரவேற்கிறோம். ஆனால் இத்தகைய அறிக்கை குற்றவாளி ஒருவரின் நிலையை மட்டுமே காட்டும். அவரைப் போன்ற பிறர் என்ன பெற்றனர் என்பதைக் காட்டாது. ஒப்பீடு என்னும் இரண்டாம் படி இன்னும் எஞ்சியிருக்கிறது.

ஹத்துத் தண்டனைகளை ஐயம் தோன்றின் விலக்குவது நம் ஃபிக்ஹின் விதி. சாட்சியத்தில் மட்டுமன்றி, சட்டத்தில் அறிஞர் வேறுபடுவதையும் ஐயமாகக் கொண்ட ஃபகீஹ்கள் உண்டு. இந்தியக் குற்றவியல் சட்டம் இவ்விதியால் இயங்குவதன்று என்பதை அறிவோம். ஆயினும் ஒரே நீதிமன்றத்தின் அமர்வுகள் ஒரே தன்மையுள்ள வழக்குகளில் உயிர் குறித்து வேறுபடும்போது, அவ்வேறுபாட்டையே தண்டனையைக் குறைக்கப் போதிய ஐயமாகக் கொள்வது எந்தச் சட்டமுறைக்கும் இழுக்காகாது. 1982இல் ஹர்பன்ஸ் சிங்கைக் காத்ததும் அடிப்படையில் இதுவே.

ஆகவே மரண தண்டனையை உறுதி செய்யும் ஒவ்வொரு தீர்ப்பும் ஒரு வினாவிற்கு விடை தர வேண்டும் என்று வேண்டுகிறோம்: இவ்வழக்கை ஒத்த வழக்குகளுள் தண்டனை குறைக்கப்பட்டவை எவை, இவ்வழக்கு அவற்றினின்று எக்காரணத்தால் வேறுபடுகிறது? விடை எழுத இயலாத அமர்வு தண்டனையைக் குறைக்கட்டும். விடை எழுதப்பட்டால், பின்வரும் அமர்வு அதை ஏற்கவோ, காரணம் காட்டி மாற்றவோ முடியும். 1976இலும் 1978இலும் இவ்வினா கேட்கப்பட்டிருந்தால் 1981 அக்டோபர் 6ஆம் நாள் நிகழ்ந்தது நிகழாதிருந்திருக்கலாம். அன்று இறந்தவருக்கு எந்தத் தீர்ப்பும் இனிப் பயன்படாது. அடுத்து அந்நீதிமன்றத்தை அணுகுபவருக்கு இன்னும் பயன்படக்கூடும்.