பிரிக்காத மடல், உடைக்காத சிலம்பு

சிலப்பதிகாரத்தைப் படிக்கும் எவரும் பாண்டியன் நெடுஞ்செழியனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாமல் நூலை மூடுவதில்லை. ஊடிய தேவியைத் தேற்ற விரைந்துகொண்டிருந்த மன்னன், வாயிலில் எதிர்ப்பட்ட பொற்கொல்லனின் சொல்லை அப்படியே நம்பினான். பழி சுமத்தப்பட்டவனின் முகத்தைப் பார்க்கவில்லை, குரலைக் கேட்கவில்லை. சிலம்பை உடைத்தபோது முத்துக்குப் பதிலாக மாணிக்கம் தெறித்தது. அதற்குள் ஓர் உயிர் போய்விட்டது.

ஆனால் காப்பியத்தின் முதல் அவசரத் தீர்ப்பு இதுவன்று. அது புகார்க் கடற்கரையில் வழங்கப்பட்டது, வழங்கியவன் கோவலன். கானல்வரியில் அவன் பாடியதைக் கேட்ட மாதவி, அவன் உள்ளம் வேறொருத்தியை நாடுகிறது என எண்ணினாள்; தானும் வேறு குறிப்புத் தோன்றப் பாடினாள். அப்பாட்டையே வாக்குமூலமாகக் கொண்டு அவன் பிரிந்தான். வசந்தமாலை கூல மறுகில் நீட்டிய மடலையும் ஆடல்மகளின் நடிப்பென்று இகழ்ந்து வாங்க மறுத்தான். மதுரை செல்லும் வழியில் கோசிகன் தந்த இரண்டாம் மடலைப் படித்த பின்பே, குற்றம் அவளதன்று, தனதே என உணர்ந்தான். பிரிக்காத மடலும் உடைக்காத சிலம்பும் ஒரே பிழையின் இரு வடிவங்கள். மன்னனைப் பழிக்கும் நாம் கோவலனை மட்டும் எளிதில் மன்னித்துவிடுகிறோம்.

எல்லாம் ஊழ்வினை என்பர் சிலர். பதிகமும் அவ்வாறே கூறுகிறது. ஆயினும் ஒவ்வொரு திருப்பத்திலும் உண்மையை அறிய ஒரு வாயிலைத் திறந்தே வைக்கிறார் இளங்கோ. கொலைக்கு வந்த காவலர்கூடக் கோவலனைக் கண்டு, இவன் கள்வனல்லன் என்றே கருதினர். அந்த ஐயத்தைப் பொற்கொல்லன் பேசியே கரைத்தான். மனிதருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லையெனில் இந்த வாயில்கள் எதற்கு?

இத்துணை நுட்பமான காப்பியத்திலும் ஓரிடம் நெஞ்சை உறுத்துகிறது. பின்னர் அரியணை ஏறிய வெற்றிவேற்செழியன், ஆயிரம் பொற்கொல்லரைக் கண்ணகிக்குப் பலியிட்டான். ஒருவன் சொன்ன பொய்க்கு ஆயிரம் உயிர்கள்! அவர்களை எவரும் விசாரித்ததாகச் செய்தி இல்லை. கோவலனுக்காக அழுத காப்பியம் இவர்களுக்காக ஒரு சொட்டுக் கண்ணீரும் சிந்தவில்லை.

யோவான் நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில், ஒருவர் தரப்பைக் கேளாமல் சட்டம் அவருக்குத் தீர்ப்பிடலாமா என்று நிக்கதேம் வினவுகிறார். அவருக்குக் கிடைத்ததோ விடையன்று. கலிலேயாவைச் சுட்டிய ஏளனமே. ஊரையும் குலத்தையும் தொழிலையும் கொண்டு ஆளை எடைபோடும் வழக்கம் அன்றும் இருந்தது.

ஞாயிறு திருப்பலியில் நற்கருணை வாங்க எழாமல் அமர்ந்திருக்கும் ஒருவரைக் கண்டதும் நம் மனம் என்ன எழுதுகிறது? பீடத்தில் நிற்கும் நானும் அவ்வாறு எழுதியதுண்டு. பின்னர் அவர் வாய்மொழியைக் கேட்டு வெட்கியதும் உண்டு. பாண்டியனுக்கு உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. நம் கையிலோ மடல் இன்னும் பிரிக்கப்படாமல் இருக்கிறது.