பேயிடம் பேசிய எழுத்தாளன்

பேய் வீடு என்று பெயர் விழுந்துவிட்டால் வாடகை இறங்கும். எங்கள் வாணியம்பாடியிலும் அதே கணக்குதான். மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீரின் ‘நீல வெளிச்சம்’ கதையில் வரும் எழுத்தாளனுக்கோ, குடிவந்த பிறகுதான் விஷயம் தெரிகிறது. பார்கவி என்ற பெண் கிணற்றில் விழுந்து செத்த வீடு. அவன் ஓடவில்லை. அவளிடம் பேச்சுக் கொடுக்கிறான், கிராமபோனில் பாட்டுப் போடுகிறான். பேயிடம் இத்தனை மரியாதையாக நடந்துகொண்ட ஆள் டிராகுலா கதைகளில்கூட இல்லை.

இந்தக் கதைதான் ‘பார்கவி நிலையம்’ (1964) என்ற மலையாளப் படமானது. திரைக்கதையும் பஷீரே. எழுத்தாளனாக மது, பார்கவியாக விஜயநிர்மலா. ஏ. வின்சென்ட் இயக்கிய முதல் படம். ‘கல்யாணப் பரிசு’க்கு ஒளிப்பதிவு செய்த அதே வின்சென்ட். முந்தைய வருடம்தான் ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’யில் பாழடைந்த மாளிகைக்கும் கிழ ஜமீன்தார் நம்பியாருக்கும் ஒளி வைத்திருந்தார். பேய்ப் படத்தில் பாதி வேலை, இருட்டை எங்கே விட்டுவைப்பது என்பதுதான். ஹென்றி ஜேம்ஸ் கதையிலிருந்து வந்த ‘தி இன்னசென்ட்ஸ்’ (1961) படத்துக்கு, ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி ஃபிரான்சிஸ் ஃபில்டரின் ஓரங்களில் வர்ணம் பூசித் திரையின் விளிம்பை இருளச் செய்தார். முகம் நடுவில் தெரியும். நமக்கோ ஓரத்திலேயே கண். ஹாமர் கம்பெனியின் ‘டிராகுலா’ (1958) கலரில் ரத்தம் காட்டியது. ரசிக்கலாம், தூக்கம் கெடாது.

பஷீர் கதையின் உச்சத்தில் ரத்தமே கிடையாது. மண்ணெண்ணெய் தீர்ந்து விளக்கு அணைகிறது. வீட்டைப் பூட்டிவிட்டு நண்பர்களிடம் எண்ணெய் வாங்கப் போகிறான். திரும்பி வந்து கதவைத் திறந்தால் அறை முழுக்க நீல வெளிச்சம், விளக்கு எரிகிறது. யார் ஏற்றியது? பஷீர் அதோடு நிறுத்திவிடுகிறார். பயம் எந்த இடத்தில் பிரியமாக மாறியது என்று நமக்கே தெரியாது.

படம் அங்கே நிற்கவில்லை. பார்கவியின் காதல், கொலை, கொலைகாரன் என்று நீள்கிறது. பாபுராஜின் இசைக்காகவும் யேசுதாஸின் குரலுக்காகவும் அந்தக் காதலைப் பொறுத்துக்கொள்ளலாம். கொலைகாரனோடு நடக்கும் சண்டை எனக்கு ருசிக்கவில்லை. 2023இல் ஆஷிக் அபு இதையே ‘நீலவெளிச்சம்’ என்று கலரில் எடுத்தார். கறுப்பு வெள்ளைக்குக் கிடைக்காத நீலம் அவருக்குக் கிடைத்தது. ஆனாலும் என் ஓட்டு 1964க்குத்தான். மலையாளம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். முதலில் கதையைப் படியுங்கள், பிறகு வின்சென்ட் படம், கடைசியில் புதியது.